நிற்கிற இடத்தின் பெயர்

இதில் என் பெயர் வராது. வேறு யார் பெயரும் வராது. அதற்குக் காரணம் இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: என்னுடையது அடிக்கடி காதில் விழாத பெயர், நடுவில் ஒரு ழகரம் உட்கார்ந்திருக்கிறது, முப்பது வயதைத் தாண்டியும் அதே பெயருள்ள இன்னொரு பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை.

பெயர் வைத்தவர் அப்பா. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் வாட்ச்மேனாக இருந்தார். பட்டமளிப்பு விழா நாளில் மேடைக்குப் பக்கத்தில் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டு நின்றபோது, மைக்கில் ஒரு பெண்ணின் பெயரை வாசித்தார்களாம். கைதட்டல் அடங்கவே நேரமானதாம். அந்தப் பெண் தங்க மெடலோடு படியிறங்கி வந்ததைப் பார்த்தவர், வீட்டுக்கு வந்து அம்மா வயிற்றில் இருந்த எனக்கு அந்தப் பெயரை முடிவு செய்துவிட்டார். பையன் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மெடலு வாங்குனது பொண்ணுதானே" என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

வேடிக்கை என்னவென்றால், பெயர் வைத்தவருக்கே பெயர் வாயில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வாழைப்பழத்தை வாயப்பயம் என்பார்கள். அப்பா வாயில் என் ழகரமும் யகரமாகிவிட்டது. அம்மாவுக்கு அது ளகரம். தெருவில் ஆளுக்கொரு விதம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரிசையாகப் பெயர் வாசித்துக்கொண்டு வரும்போது, என் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். மூச்சை இழுத்துக்கொண்டு தயாராகிற இடைவெளி. அது விழுந்ததுமே நான் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லி அவர்களைக் காப்பாற்றிவிடுவேன். அதே வகுப்பில் ஒரே பெயரில் நாலு பெண்கள் இருந்தார்கள். அந்த வருஷங்களில் தெருவுக்கு நாலு பேருக்கு வைத்த பெயர் அது; சின்னது, வழுக்கிக்கொண்டு வரும். அவர்களை இனிஷியல் சேர்த்துத்தான் பிரித்துக் கூப்பிட வேண்டும். எனக்கு அந்த நாலு பேர்மேலும் பொறாமையாக இருக்கும்.

பிறகு படப்பை போகிற வழியில் என் பெயரிலேயே ஒரு வீட்டுமனை நகர் வந்தது. நுழைவு வளைவில் ழகரம் எல்லாம் போட்டு ஒழுங்காக எழுதியிருந்தார்கள். மனை விற்கிறவர்களுக்கு மட்டும் எப்படியோ நல்ல தமிழ் வந்துவிடுகிறது. ஷேர் ஆட்டோக்காரர் அந்த நிறுத்தத்தைக் கூவும்போது அங்கேயும் யகரம்தான். சிரித்துக்கொள்வேன்.

கல்யாணமாகி சேரப்பணஞ்சேரிக்கு வந்தேன். கணவர் மினி லாரி ஓட்டுகிறார். அவருக்கு நான் "இந்தா". மாமியாருக்கு "ஏம்மா". பையன் பிறந்த பிறகு தெருவுக்கே அவனுடைய அம்மா. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லா வீட்டிலும் இப்படித்தான். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தேன். அங்காவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

காருக்குள் ஓடுகிற ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிற கம்பெனி அது. ஆள் உயரப் பலகைகள் வரிசையாக நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒருத்தி ஒயரைப் பலகையில் பதிப்பாள், அடுத்தவள் அதன் முனையை கனெக்டருக்குள் தள்ளுவாள், அதற்கடுத்தவள் டேப் சுற்றுவாள். பலகை நமக்காக நிற்காது. தரையில் மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டிருக்கும், அதற்குள் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தை ஸ்டேஷன் என்பார்கள். தொப்பி, மாஸ்க், நீலக் கோட்டு போட்டபின் கண் மட்டும்தான் வெளியே தெரியும். கழுத்து அட்டை ஒயரில் மாட்டிவிடும் என்று அதையும் கோட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

முதல் நாள் லைன் லீடர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். உள்ளூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை. உதட்டைக் குவித்தார், நாக்கை மடித்தார், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாமா பேரு இது, வாயிலயே நொயய மாட்டேங்குது."

"மெதுவா சொல்லிப் பாருங்க சார், வரும்."

"மெதுவா சொல்ற வரைக்கும் போர்டு நிக்குமா? உனக்கு முன்னாடி இந்த ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அது பேரு சின்னதா நல்லாருக்கும். லைன்ல எல்லாருக்கும் பயகிடுச்சு. அதே இருந்துட்டுப் போட்டும்."

சொல்லிவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். என் வகுப்பில் நாலு பேருக்கு இருந்த அதே பெயர்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அந்த லைனின் வழக்கமே அதுதான். அங்கே ஆட்கள் தங்குவதில்லை. ஒடிசாவிலிருந்து வருவார்கள், தெற்கு ஜில்லாக்களிலிருந்து வருவார்கள், பழகுவதற்குள் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பெயரைக் கற்றுக்கொண்டு அந்தச் சத்தத்தில் கத்த முடியாது என்று, எப்போதோ யாரோ பெயரைக் கட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். கட்டத்தில் யார் வந்து நின்றாலும் அந்தக் கட்டத்தின் பெயர்தான். என் பக்கத்துக் கட்டத்து அம்மா, தான் பார்த்தே இராத ஒருத்தியின் பெயரில் இருந்தார். லைனுக்குள்ளேயே மூன்று இடம் மாறியவர். "மூணு பேர் மாத்திட்டேன், புருஷன் மட்டும் அதே ஆளு" என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. சின்ன வயதில் பொறாமைப்பட்ட பெயர் சும்மா கிடைத்ததே என்றிருந்தது. ஷிஃப்ட் முடிந்து கோட்டைக் கழற்றும்போது அதையும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அது கம்பெனி பஸ்ஸில் ஏறி என் கூடவே வந்தது. பஸ்ஸில் அந்தப் பெயர், கேன்டீனில் அந்தப் பெயர். என் பிறந்தநாளுக்கு லைன் பெண்கள் வாங்கி வந்த கேக்கில் ரோஸ் க்ரீமில் அந்தப் பெயர். அதன்மேல் கத்தி வைத்து வெட்டி ஆளுக்கொரு துண்டு ஊட்டிவிட்டேன். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி எங்கள் தெருவுக்கே குடிவந்தாள், பிறகு மளிகைக் கடைக்காரர் வரைக்கும் அந்தப் பெயர் தெரிந்துபோனது.

அம்மாவுக்குக்கூட நான் எப்போதோ வெறும் "பாப்பா" ஆகிவிட்டேன்; என் பெயரால் என்னைக் கூப்பிட ஒரே ஓர் ஆள் மிச்சம் இருந்தார். அப்பா. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, யகரத்தோடு, "சாப்ட்டியாமா" என்பதற்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் கூப்பிடுவார். உச்சரிப்பு தப்புதான். ஆனால் அது என்னுடையது.

அவர் குளிக்கப் போன இடத்தில் விழுந்த நாளன்று எனக்குக் காலை ஷிஃப்ட். செல்போனை வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தம்பி அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் மேல் போன் அடித்திருக்கிறான். என் கணவர் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தார். கடைசியில் அம்மாவை அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான். செக்யூரிட்டிக்காரர் காண்ட்ராக்ட் ஆபீஸுக்குப் போன் அடித்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. அதற்குள் அடுத்த ஷிஃப்ட்டுக்கு பஸ் வந்து பெண்கள் இறங்கினார்கள். ஒயர் லைன் ஆட்களைத் தேடிப்பிடித்து, "எங்கக்கா உள்ள கீறாங்க, அப்பாவுக்கு முடியலன்னு சொல்லுங்க" என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

"அப்படி யாரும் இல்லியே" என்றார்களாம்.

பொய் சொல்லவில்லை அவர்கள். ஒருத்தி இரக்கப்பட்டு எங்கள் லைனில் இருக்கிற அத்தனை பெயரையும் அவனுக்குச் சொல்லிக்கூடக் காட்டியிருக்கிறாள், என் கட்டத்தின் பெயரையும் சேர்த்து. கேட்டுவிட்டு, நான் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை போல என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டான். நான் ஷிஃப்ட் முடிந்தும் உள்ளே ஓ.டி. செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் போனைப் பார்த்துவிட்டு ஓடினேன். அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்திருந்தது, வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை.

"மத்தியானம் வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிக்கினே இருந்தாரு. அதுக்கப்புறந்தான் நாக்கு இழுத்துக்கிச்சு" என்றாள் அம்மா.

அப்பா இருக்கிறார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. அன்றைக்குப் பிறகு என் பெயரைத் தப்பாகச் சொல்லக்கூட ஆளில்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்பே லைன் லீடர் முன்னால் போய் நின்றேன். "சார், எனக்குன்னு ஒரு பேர் கீது. இனிமே அதுல கூப்டா வருவேன், இல்லன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். டீ நேரத்தில் எல்லாரையும் கூட்டி, என் அட்டையை உயர்த்திப் பிடித்து, "இதான்மா இவங்க பேரு, சொல்லிப் பயகுங்க" என்றார்.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒடிசாப் பெண் சொன்னதில் ரகரம் உருண்டது. ஒருத்தி பாதியிலேயே நிறுத்திவிட்டு டீயைக் குடித்தாள். பக்கத்துக் கட்டத்து அம்மா முயற்சி செய்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அழுதிருக்க வேண்டும். மத்தியானம் என் கட்டத்தைத் தாண்டிப் போன பலகையில் ஒரு கனெக்டர் விட்டுப்போயிருந்தது. லீடர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார், என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், அதே பள்ளிக்கூடத்து இடைவெளி விழுந்தது, அதற்குள் பலகை போயே போய்விட்டது. அடுத்த பலகைக்கு அவர் பழைய பெயரையே கத்தினார். நானும் திரும்பினேன். திரும்ப மாட்டேன் என்று சபதம் போட்டவள், வெடுக்கென்று திரும்பினேன்.

கொஞ்ச நாள் கழித்துப் புது ஆட்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி தெற்கத்திப் பெண், ஒல்லி, நிமிர்ந்தே பார்க்க மாட்டாள். ஆனால் கை மட்டும் பழகிய கையாக ஓடியது. அவளை எனக்கு நேர் எதிர்க் கட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். லீடர் என்னைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலடியில் இருந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தாள்.

கேன்டீனில் கேட்டேன். அவளேதான். தன் கல்யாணத்துக்கு முன்னால் என் கட்டத்தில் நின்றவள், பெயருக்குச் சொந்தக்காரி. அவள் இருந்த நாளில் லைனில் இருந்தவர்களில் லீடர் ஒருவர்தான் இப்போது மிச்சம். அவள் மறுபடி சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டாராம், "உன் பேரு இப்ப அந்தம்மாகிட்ட கீது, நீ இப்ப நிக்கிற ஸ்டேஷன் பேர்ல இருந்துக்கோ" என்று. முன்பு அங்கே நின்ற ஒடிசாப் பெண் ஒருத்தியின் பெயர் இப்போது இவளுக்கு. சரி என்று உடனே தலையாட்டியிருக்கிறாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? சொந்தக்காரியே வந்துவிட்டாள், பெயரை அவளிடம் கொடுத்துவிட்டால் என் கட்டம் பெயரில்லாமல் நிற்கும், அப்போது என் பெயரைத்தானே வைத்தாக வேண்டும்? நேரே லீடரிடம் போனேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "கரெக்ட்டாத்தான் கீது. அவளுக்கு ஓகேன்னா திங்கக்கிழமையே மாத்திக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் உடை மாற்றும் அறையில் அவளிடம் நல்ல சேதி போலச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் பேர எனக்குத் திருப்பித் தராதீங்க."

"உன் பேருதானே?"

"என் பேருதாம்க்கா. அதான் வேண்டாங்கேன்."

கோட்டுக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே பார்க்கிற மாதிரி இல்லை. புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறவன். குழந்தையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். "ஒரகடம் பக்கம்னு மட்டும் அவருக்குத் தெரியும், எந்தக் கம்பெனின்னு தெரியாது. என் பேரச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பா கேட்டுட்டு அலையுதாரு. இங்க வாரதுக்கு முன்ன சேந்த கம்பெனியில அப்படித்தான் கண்டுபிடிச்சி வந்துட்டாரு. இங்க வந்து கேட்டா ஒங்களைத்தானே காட்டுவாங்க? பாத்துட்டுப் போயிருவாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கப்பாவுக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அழுதாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை. பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் விடவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை லீடர் கேட்டபோது, "இருக்கட்டும் சார், கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். என் வாயிலிருந்தா இது வருகிறது என்று அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த மாதமே அவன் வந்தான். ஒரகடம் கூட்டுரோட்டில் கார் ஏற்றிய ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவுக்கு நின்றோம். குடிகாரன் என்றதும் நான் மனதில் வைத்திருந்த முகம் வேறு. இவன் இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றியில் திருநீறோடு, மரியாதையாக நின்றான். ஒவ்வொருத்தியிடமும் போனை நீட்டிக் கல்யாணப் போட்டோவைக் காட்டினான். கல்யாண மேக்கப்பில் எந்தப் பெண் தன் சாயலில் இருக்கிறாள்? யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகு பெயரைச் சொன்னான்.

"அட, இதோ கீறாங்களே" என்று ஒருத்தி என்னைக் காட்டினாள்.

அவன் என்னிடம் வந்தான். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் தள்ளி அவள், மாஸ்க் கழற்றாமல், தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன்.

"ஒங்க பேரா அது?"

"ஆமா. என் பேருதான்." அந்தப் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். என் வாயால் அதை என் பெயர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதே பேர்ல ஒங்க கம்பெனியில வேற யாரும் இருக்காங்களா?"

"எங்க லைன்ல நான் ஒருத்திதான். எல்லாரையும் கேட்டுப் பாருங்க."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. என் தம்பியைத் திருப்பி அனுப்பிய அதே பேச்சு, அதே உண்மை, இவனையும் திருப்பி அனுப்பியது. "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் நிற்கிற பக்கம் போனான். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுத்த ஆட்டோவில் ஏறிப் போயிருந்தாள்.

இப்போது தெரிந்திருக்கும், நான் ஏன் பெயர்களை எழுதவில்லை என்று. அவன் அதன் பிறகும் வந்தான், இன்னொரு முறையும் வந்தான். ஒவ்வொரு முறையும் நான்தான் அந்தப் பெயர். அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஊரிலிருந்து வரும் கருப்பட்டியோ பருப்புப் பொடியோ என் பைக்குள் இருக்கும், அவ்வளவுதான். நான் வேறு வேலைக்குப் போகலாம். போனால் என் கட்டத்தில் வந்து நிற்கிறவள் இதைச் செய்வாளா? விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அது லைன் முழுக்கப் பரவும், லைனிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் பரவ எவ்வளவு நேரமாகும்? பக்கத்தில் வேறு கம்பெனியில் கூப்பிட்டார்கள், சம்பளமும் கொஞ்சம் கூட. போகவில்லை. சில நாள் அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்க்கும்போது மூச்சு முட்டும். எவளோ ஒருத்திக்காக நான் ஏன் என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன், மாஸ்க்குக்குள்ளேயே.

போன மாதம் பழைய லீடரை வேறு பிளாண்ட்டுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ஒரு பெண், காஞ்சிபுரம் பக்கம், டிப்ளமா முடித்தவர், என்னைவிடச் சின்னவர். முதல் நாள் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் கட்டம் கட்டமாக வந்து ஒவ்வொருவர் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். என்னிடம் வந்தார். கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். பழக்கத்தில் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தேன்.

இடைவெளி விழவில்லை. படித்தார், அவ்வளவுதான். ழகரம் ழகரமாக, பட்டுப்போல வந்தது. அப்பா மேடைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் கேட்டது இப்படித்தான் இருந்திருக்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் என்னுடையதாக இருந்த பெயரை, முழுசாக, இன்னொருவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எவ்ளோ அழகான பேரு. இப்பத்தான் கேட்டேன், இதை விட்டுட்டு உங்களை வேற என்னவோ பேர்ல கூப்பிடறாங்களே?" என்றார். பக்கத்துக் கட்டத்து அம்மா வழக்கத்தை விளக்கினார். புதியவர் முகம் சிவந்தது. "அசிங்கமா இல்ல? பேர்கூடத் தெரியாம ஒருத்தரை வேலை வாங்கறதா? நாளையிலேர்ந்து எல்லாரும் அவங்கவங்க சொந்தப் பேர்லதான். நான் எல்லார் பேரையும் கத்துக்கறேன், நீங்களும் கத்துக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனது அதைத்தான்.

எதிர்க் கட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது. பலகை டேப் சுற்றாமல் அவளைத் தாண்டிப் போனது. அவள் அட்டைக்கு இன்னும் முறை வரவில்லை. தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் இரண்டு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேணாம் மேடம்" என்றேன்.

"என்ன வேணாம்?"

"இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். எங்க எல்லாருக்கும் இதுதான் பயகிடுச்சு. திரும்ப மாத்துனா வேலையில தப்பு வரும். நான் மாத்திப் பாத்தவதான்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பெயருக்காகச் சண்டை போட்டவளே வேண்டாம் என்கிறாள், மற்றவர்களுக்கு என்ன வந்தது? "ஆமா மேடம், இதுவே இருக்கட்டும், யாரு திரும்பக் கத்துக்கறது" என்றார் பக்கத்துக் கட்டத்து அம்மா. இரண்டு மூன்று தலைகள் ஆடின. புதியவருக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. மற்ற அட்டைகளை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. என் அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்.

"உங்களுக்கு உங்க பேரு பிடிக்கலையா?"

"பிடிக்கும் மேடம்" என்றேன். "இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அதுக்கப்புறம் வேணாம்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்க்காமலே சொன்னார். கேட்டுக்கொண்டேன். அட்டையை வாங்கிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த பலகை வந்துவிட்டது. அவர் லைன் முனைக்குப் போய் நின்று, சத்தத்தை மீறிக் கேட்கும்படி, அவளுடைய பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் கையைத் தூக்கினேன்.